யானை கட்டியாச்சா?

"கதவைப் பூட்டினவன் ஒரு தடவை இழுத்துப் பாக்கலாம். தப்பில்ல. ரெண்டாவது தடவையும் இழுத்துப் பாத்தான்னா..."

இதற்கு மேல் லிஃப்ட்காரருக்கு ஞாபகம் இல்லை. சொன்னவர் அவருடைய பெரியப்பா. சொன்ன இடம் கல்யாண மேடை. சரியாக அந்த இடத்தில் மைக் ஒரு கத்துக் கத்தியது. மைக் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் அவர் காதில் விழுந்திருக்காது. மாப்பிள்ளை அறையைப் பூட்டினோமா, சும்மா சாத்திவிட்டு வந்துவிட்டோமா என்று அப்போது அவர் குழம்பிக்கொண்டிருந்தார்.

கூட்டம் சிரித்தது. பக்கத்தில் நின்ற மணப்பெண்ணும் சிரித்தாள். ஆகவே ஏதோ நல்லதாகத்தான் சொல்லியிருப்பார் என்று முடிவு செய்து, விட்டுப்போன பகுதியை அவரே இட்டு நிரப்பிக்கொண்டார். 'ரெண்டாவது தடவையும் இழுத்துப் பாத்தான்னா, அவன் புத்திசாலி.' இத்தனை வருஷமும் அந்த வாக்கின்படியே வாழ்ந்து வந்தார்.

லிஃப்ட்காரர் என்றால் உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிறவர் இல்லை. லிஃப்ட்டைச் சோதித்துச் சான்று கொடுக்கிறவர். ஊரில் உள்ள உயரமான கட்டடங்களில் எல்லாம் கயிறு தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கதவு யார் விரலையாவது கடிக்குமா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்தை நம்பி ஜனங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே மேலும் கீழும் போய்வந்தார்கள். அவர் மட்டும் படியில் ஏறுவார். வேலை நேரம் தவிர அவர் லிஃப்ட்டில் நின்று யாரும் பார்த்ததில்லை. "ஏன் சார்?" என்று கேட்டால், "கையெழுத்துப் போட்டவன் யாருன்னு எனக்குத் தெரியுமே" என்பார்.

இப்படிப்பட்டவர் வீட்டை விட்டு வெளியே கிளம்புவது, கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்புகிற மாதிரி. முதலில் தனியாக ஒரு சுற்று வருவார். அடுப்பு, இஸ்திரிப் பெட்டி, பின் ஜன்னல், குளியலறைக் குழாய். அப்புறம் சந்தேகத்துக்காக ஒரு சுற்று. சந்தேகத்தோடு பார்த்தால் கண் சரியாகத் தெரியாது என்பதால் நிதானமாக இன்னொரு சுற்று. இவ்வளவும் ஆன பிறகு வாசலில் நின்றுகொண்டு மனைவியை விசாரிப்பார்.

"கேஸ்?"

"பாத்துட்டேன்."

"இஸ்திரிப் பெட்டி?"

"பாத்துட்டேன்."

"ஜன்னல்? குழாய்?"

"பாத்துட்டேன், பாத்துட்டேன்."

அவள் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டே பதில் சொல்வாள். அந்தப் 'பாத்துட்டேன்' காதில் விழுந்ததும் அவர் நெஞ்சுக்குள் எதுவோ ஒன்று சொடக்கென்று தன் இடத்தில் போய் உட்காரும். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் படியிறங்குவார். தான் பார்த்ததை விட அவள் பார்த்தது அவருக்குப் பெரிசு.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவர் ஒரு நாள் பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்காரும் வரை.

மனைவிக்கு அங்கேதான் வேலை. வரவேற்பு மேஜை. அவளை அழைத்துப்போக வந்தவர் ஒரு மூலையில் காத்திருந்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். "ரெண்டே நிமிஷம், கூப்பிட்டுடுவாங்க" என்றாள் அவள். டாக்டர் இன்னும் வீட்டை விட்டே கிளம்பவில்லை. "வலிக்குமாம்மா?" என்றார் வந்தவர். "வலிக்கவே வலிக்காது." உள்ளே இருந்த ஊசியின் நீளம் லிஃப்ட்காரருக்குத் தெரியும். ஆனாலும் அந்த மனிதர் முகம் தெளிந்து, வீக்கம் பாதி வடிந்த மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

லிஃப்ட்காரர் மூலையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் குரல்! தினமும் வாசலில் நின்று 'பாத்துட்டேன்' சொல்கிறதே, அச்சு அசல் அதே குரல்!

மறுநாள் காலை வாசலில் அவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"கேஸ்?"

"பாத்துட்டேன்."

"ஜன்னல்?"

"பாத்துட்டேன்."

"யானை?"

"பாத்துட்டேன். கட்டியாச்சு."

லிஃப்ட்காரர் கையில் பூட்டோடு அப்படியே நின்றார். 'பாத்துட்டேன்' என்று மட்டும் சொல்லியிருந்தால் கையும் களவுமாகப் பிடித்திருக்கலாம். அந்தக் 'கட்டியாச்சு' எங்கிருந்து வந்தது? கேலியா? பழக்கதோஷமா?

"என்ன கட்டியாச்சு?"

"நீங்க என்ன கேட்டீங்களோ அது."

"நான் என்ன கேட்டேன்?"

"நேரமாச்சு, நடங்க."

அன்று முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை. ஒரு லிஃப்ட்டின் கயிற்றைப் பார்த்தால் அது யானைச் சங்கிலி மாதிரி தெரிந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டுவிட்டார்.

"நீ பாக்காமலே பாத்துட்டேன்னு சொல்றே."

"யார் சொன்னா?"

"யானை சொல்லுது."

"அதை விசாரிச்சீங்களா? நல்லா இருக்கா?"

"விளையாடாதே. இத்தனை வருஷமா உன் வார்த்தையை நம்பித்தான் நான் இந்த வீட்டுப் படியையே இறங்கறேன். அது பொய்யின்னா நான் என்ன ஆறது?"

வரிசையில் முண்டியடிக்கிற நோயாளியிடம் பேசுகிற நிதானத்தில் அவள் சொன்னாள்: "சரி. நான் பாக்காம சொல்றேன்னு ஒரே ஒரு தடவை நிரூபிச்சுக் காட்டுங்க. அதுக்கப்புறம் வாசல்ல நின்னு உலகத்துல இருக்கறதை எல்லாம் கேளுங்க. பாதி வழியில திரும்பிப் போயும் பாத்துட்டு வாங்க. நான் வாயே திறக்க மாட்டேன்."

"நிரூபிக்க முடியலன்னா?"

"அன்னைக்கோட வாசல்ல கேள்வி கேக்கறது நிக்கணும். ஒண்ணுகூடக் கூடாது."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

வீறாப்பில் "சம்மதம்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அதன் கனம் தெரிந்தது. கேள்வி கேட்காமல் கதவைப் பூட்டுவதா? பூட்டிவிட்டுக் கிளம்புவதா? தோற்றால் அவர் உத்தியோகத்தையே விட்டுவிட்டு வீட்டுக்குக் காவல் இருக்க வேண்டியதுதான்.

ஆகவே ஜெயித்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அண்ணன் வீட்டில் மத்தியான விருந்து. அந்த மச்சான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். அந்த வாரத்தோடு ஓய்வு பெறுகிறார். பஸ்ஸில் போனால் ரொம்ப தூரம். வீடு நாள் முழுக்கப் பூட்டியிருக்கும். பொறி வைக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

பொறி எதில் வைப்பது என்று லிஃப்ட்காரர் ஆழ்ந்து யோசித்தார். கேஸ் ஆபத்து. இஸ்திரிப் பெட்டி அதைவிட ஆபத்து. ஜன்னலைத் திறந்து வைத்தால் திருடன் நன்றி சொல்வான். மிச்சம் இருப்பது குளியலறைக் குழாய்தான். குழாயைக் கொஞ்சமாகத் திறந்து, நூல் மாதிரி தண்ணீர், அதுவும் சத்தம் வராமல் வாளியின் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு இறங்குகிற மாதிரி விட்டால்? பார்க்கிறவள் கண்ணில் பளிச்சென்று படும். பார்க்காதவள் காதில் விழாது. வாசலில் அவள் 'பாத்துட்டேன்' சொல்ல வேண்டியது. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் காட்ட வேண்டியது. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கமான சுற்றுகள் எல்லாம் முடிந்த பிறகு, யாரும் பார்க்காத நேரத்தில் குழாயை நூலாகத் திறந்து வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

"கேஸ்?"

"பாத்துட்டேன்."

"இஸ்திரிப் பெட்டி? ஜன்னல்?"

"பாத்துட்டேன். பாத்துட்டேன்."

லிஃப்ட்காரர் மூச்சை உள்ளே இழுத்தார். "குழாய்?"

"பாத்துட்டேன்."

அகப்பட்டாள்! அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. அடக்கிப் பார்த்தார், அது காது வரை ஓடியது. "வாயேன், உள்ள போய் ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு விசில் பறந்தது. கட்டடமே நிமிர்ந்து நின்றது. அந்த விசிலை ஊதக்கூடியவர் உலகத்தில் ஒருத்தர்தான்.

"அண்ணா!" என்றாள் மனைவி.

மச்சான் வாடகை நாற்காலிகள் எடுக்க ஊருக்குள் வந்தவர், வேனோடு அப்படியே இவர்களையும் அள்ளிப்போக வந்துவிட்டார். இரண்டாவது விசில். மூன்றாவது விசிலுக்குத் தெருவே கூடிவிடும் என்று லிஃப்ட்காரர் கையை ஆட்டிக்கொண்டு கீழே ஓடினார். "ஒரு நிமிஷம் மச்சான், மேல ஒரு சின்ன..."

"சின்னதும் இல்ல பெரிசும் இல்ல! ஏறு மாப்பிள்ளை! அங்க ஜனம் நிக்குது, இங்க நாற்காலி உக்காந்திருக்கு!" என்று அவர் தோளைப் பிடித்து, ஓட்டப்பந்தயத்துக்குப் பையனைத் தள்ளுகிற மாதிரி வேனுக்குள் தள்ளினார்.

மாடியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "குடையை எடுத்துட்டு வந்துடறேன்!" ஒரே நொடியில் பூட்டிக்கொண்டு இறங்கியும் வந்துவிட்டாள். வானத்தில் துடைத்துவிட்ட மாதிரி ஒரு மேகம் இல்லை.

போகட்டும், என்று நினைத்தார் லிஃப்ட்காரர், நாற்காலிக் கால்களுக்கு நடுவில் முழங்காலை மடக்கிக்கொண்டே. சாயங்காலம் திரும்பி வந்து காட்டினால் இன்னும் விசேஷம். வாளி நிறையும், வழியும், தரை ஓட்டை வழியாகப் போய்விடும். போகிறது கொஞ்சம் தண்ணீர். கிடைப்பது ஆயுள் முழுக்கக் கேள்வி கேட்கும் உரிமை. பாதி தூரம் வரைக்கும் அவர் மெல்ல விசிலடித்துக்கொண்டுகூட வந்தார். மச்சான் சுருதி சரியில்லை என்று திருத்தினார்.

"எங்க வீட்டுலதான் கரப்பான் தொல்லை தாங்கல மாப்பிள்ளை," என்றார் மச்சான் பேச்சுவாக்கில். "எல்லாம் குளியலறை ஓட்டை வழியா வருது. நீ என்ன பண்றே?"

"அதுவா? நான் ஒரு மூடி பண்ணி, இறுக்கமா அடைச்சு, மேல கல்லு வெச்சு..."

வாக்கியம் பாதியில் நின்றது.

மூடி. இறுக்கமான மூடி. மேலே கல். காலையில் குளித்து முடித்ததும் வழக்கம்போல வைத்தார். எடுக்கவில்லை.

வேன் ஓடிக்கொண்டிருந்தது. லிஃப்ட்காரரின் கண்ணுக்கு முன்னால் வாளி நிறைந்தது, வழிந்தது. குளியலறை ஒரு குளமாயிற்று. குளம் வாசற்படி தாண்டிக் கூடத்துக்கு வந்தது. கூடத்தில் ஒரு விரிசல் உண்டு. விரிசலுக்கு நேர் கீழே பைண்டர் வீடு.

புஸ்தகம் கட்டுகிற அந்த மனிதர் தன் வீட்டையே பட்டறையாக வைத்திருப்பவர். போன தடவை கூடத்தில் ஒரு சொம்பு தண்ணீர் கவிழ்ந்ததற்கே மேலே வந்து, நனைந்த ஒரு காகிதத்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நின்றவர். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மௌனத்தை லிஃப்ட்காரர் இன்னும் மறக்கவில்லை.

"என்னங்க, முகம் வெளுத்துப் போச்சு?" என்றாள் மனைவி.

"வேன் குலுங்குது."

"வேன் நிக்குதுங்க. இறங்குங்க, வீடு வந்தாச்சு."

சொல்லிவிடலாம். 'நானே குழாயைத் திறந்து வைத்தேன்' என்று ஒரு வரி. ஆனால் எப்படிச் சொல்வது? வாசலில் மச்சான், அவர் மனைவி, அவர் மகள், பள்ளிக்கூட வாத்தியார்கள் அத்தனை பேர். 'என் மனைவி பொய் சொல்கிறாளா என்று பார்க்க என் வீட்டில் நானே வெள்ளம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்' என்றால் மச்சான் விசிலை ஊதமாட்டார், அதாலேயே அடிப்பார். சாவி வேறு அவள் கைப்பையில்.

கை கழுவும் இடத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்று பைண்டருக்குப் போன் போட்டார்.

"ஹலோ, பைண்டரா? நான் மேல்வீடு பேசறேன்."

"சொல்லுங்க லிஃப்ட் சார். என்ன விஷயம்?"

"விஷயம் ஒண்ணும் இல்ல. சும்மாத்தான். சௌக்கியமா?"

இத்தனை வருஷத்தில் மேல்வீட்டுக்காரர் இப்படிக் கேட்டதே கிடையாது. "இருக்கேன்" என்றார் பைண்டர், ஜாக்கிரதையாக.

"வீடு சௌக்கியமா?"

"வீடா?"

"கூரை... கூரை எப்படி இருக்கு?"

"கூரை மேலதான் சார் இருக்கு. ஏன்?"

"நிமிர்ந்து பாத்தீங்கன்னா ஏதாவது வித்தியாசமா தெரியுதா?"

"நான் பசை வாங்கக் கடைத்தெருவுக்கு வந்திருக்கேன். வீட்டுல யாரும் இல்ல. வக்கீல் ஆபீஸ் புஸ்தகம் அத்தனையும் தைச்சுத் தரையில அடுக்கி வெச்சிருக்கேன். சார், நீங்க கட்டடம் கட்டடமாப் போய்ப் பாக்கறவர். எதாவது தெரிஞ்சா மறைக்காம சொல்லிடுங்க."

"சேச்சே, எனக்கு என்ன தெரியும்? நான் லிஃப்ட் மட்டும்தான் பாக்கறது."

"அப்புறம் ஏன் கூரையைக் கேட்டீங்க?"

"சும்மா, ஒரு அக்கறை" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். தரையில் அடுக்கியிருக்கிறாராம்! மேஜை மேல் அடுக்கக் கூடாதா, மனுஷன்!

பந்தியில் உட்கார்ந்தார். மச்சானின் மகள் ஜாடியோடு வந்து அவர் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். மெல்ல, நூல் மாதிரி. டம்ளர் பாதி நிறைந்தது. முக்கால் நிறைந்தது. "நிறுத்து!" என்று அலறினார். பந்தி முழுக்கத் திரும்பியது. "போதும்மா. தாகம் இல்ல" என்று முனகினார். ஒரு வாய் இறங்கவில்லை.

காலையில் அவர் விரும்பியது என்ன? அவள் பார்க்காமல் இருக்க வேண்டும். இப்போது? எப்படியாவது அவள் பார்த்திருக்க வேண்டும்! பார்த்து, மூடியிருக்க வேண்டும்! பார்த்திருந்தால் அவர் பந்தயத்தில் தோற்றார். பார்க்கவில்லை என்றால் பைண்டர் போனார். தோற்கவேண்டுமே என்று இவ்வளவு உருகி வேண்டிக்கொண்ட மனிதன் உலகத்தில் இருந்திருக்க மாட்டான். அந்தப் பக்கம் மனைவி அண்ணியோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மடியில் குடை.

அருகே போய்க் குனிந்து, "எனக்கு வயிறு சரியில்ல. கிளம்பலாமா?" என்றார்.

"ரெண்டே நிமிஷம்" என்றாள் அவள்.

அந்த இரண்டு நிமிஷத்தின் நீளம் அவருக்குத் தெரியும். கன்னம் வீங்கினவர்களின் கஷ்டம் அன்றைக்குத்தான் புரிந்தது.

அதற்குள் விசில் ஊதி எல்லாரையும் உட்கார வைத்தார் மச்சான். "இப்ப என் மாப்பிள்ளை என்னைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுவார்!"

லிஃப்ட்காரர் எழுந்தார். நேற்று யோசித்து வைத்திருந்த பேச்சு ஒரு எழுத்து மிச்சமில்லாமல் கரைந்து போயிருந்தது. வாயைத் திறந்தார். உள்ளே இருந்ததுதான் வெளியே வந்தது.

"மச்சானோட அன்பைப் பத்திச் சொல்லணும்னா... அது முதல்ல நூல் மாதிரிதான் இறங்கும். சத்தமே வராது. யாரும் கவனிக்க மாட்டாங்க. ஆனா அது பாட்டுக்கு நிறையும். நிறைஞ்சு வழியும். வழிஞ்சு தரை முழுக்கப் பரவும். வாசப்படி தடுக்காது. விரிசல் கண்ட இடத்துல எல்லாம் இறங்கும். கீழ்வீட்டுல ஒரு பாவமும் அறியாதவங்க இருப்பாங்க, அவங்களையும் நனைச்சுடும்..." இங்கே கைக்குட்டையைத் தேடினார். "அதை இப்ப யாராலயும் நிறுத்த முடியாது. யாராலயும் முடியாது!"

அழுதேவிட்டார்.

வாத்தியார்கள் எல்லாரும் மூக்கை உறிஞ்சினார்கள். மச்சான் விசில் கயிற்றால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டிப்பிடித்தார். "மாப்பிள்ளை! என்னை இவ்வளவு புரிஞ்சு வெச்சிருக்கியே! இன்னைக்கு நீ போகக் கூடாது, ராத்திரி இங்கதான்!"

"ஐயையோ!" என்றார் லிஃப்ட்காரர்.

மனைவி மட்டும் அழவில்லை. குடைக் கைப்பிடியில் மோவாயை ஊன்றிக்கொண்டு, நல்ல பாட்டைக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாரும் அடங்கிய பிறகு எழுந்து, "கிளம்பறோம் அண்ணா. அவருக்கு வயிறு சரியில்லையாம்" என்றாள். லிஃப்ட்காரருக்கு அவள் காலில் விழலாம் போலிருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு. கண்ணை மூடிக்கொண்டாள். லிஃப்ட்காரர் செருமினார்.

"தூங்கறியா?"

"இல்ல."

"ஒருத்தன், வெச்சுக்கோயேன், தெரியாத்தனமா ஒரு குழாயை..."

"எந்தக் குழாயை?"

"சும்மா ஒரு பேச்சுக்கு. பொதுவா ஒரு குழாய்."

"அதான் பாத்துட்டேனே" என்றாள் கண்ணைத் திறக்காமலே.

அந்த வார்த்தையை நம்பத்தான் அவர் எவ்வளவு பாடுபட்டார்! பல்லைக் கடித்துக்கொண்டு நம்பிப் பார்த்தார். ஒரு நிறுத்தம் வரை நம்பினார். அடுத்த நிறுத்தத்தில் அந்த நம்பிக்கை பயணிகளோடு சேர்ந்து இறங்கிப் போய்விட்டது.

தெருமுனையிலேயே கண்ணில் பட்டது. கட்டட வாசலில் புஸ்தகங்கள். படிக்கட்டில் புஸ்தகங்கள். படிக்கொரு அடுக்காக, சுவரோடு ஒட்டி, மேல்வீட்டு வாசல் வரை தடித்தடியான வக்கீல் புஸ்தகங்கள். நடுவில் பைண்டர், வேர்வையில் குளித்துக்கொண்டு, தலையில் ஒரு கட்டோடு நின்றிருந்தார்.

"எல்லாம் போச்சா?" என்று லிஃப்ட்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "எவ்வளவு நனைஞ்சுது?"

"நனைஞ்சுதா? எதுக்கு சார் நனையணும்? நீங்கதானே கூரை எப்படி இருக்குன்னு கேட்டீங்க! பெரிய பெரிய கட்டடம் பாக்கறவர் ஞாயித்துக்கிழமை வேலை மெனக்கெட்டுப் போன் போட்டுக் கூரையைக் கேட்டா என்ன அர்த்தம்? பசைகூட வாங்காம ஓடி வந்தேன். மத்தியானத்துல இருந்து சுமக்கறேன். சொல்லுங்க சார், எப்ப விழும்?"

"எது?"

"கூரை!"

லிஃப்ட்காரர் மனைவியின் கைப்பையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு, புஸ்தகங்களைத் தாண்டித் தாண்டி மேலே ஓடினார். கதவைத் திறந்தார். கூடம் காய்ந்து கிடந்தது. குளியலறை காய்ந்து கிடந்தது. குழாய் இறுக்கி மூடியிருந்தது. வாளி கவிழ்த்து வைத்திருந்தது. மூடியின் மேல் கல், கல்லாக உட்கார்ந்திருந்தது. பக்கத்துச் சுவரில் குடை மாட்டும் ஆணி காலியாக இருந்தது.

அவர் குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். உயிர் திரும்ப வந்தது. அதன் பின்னாலேயே தோல்வியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

கீழே போய்ப் பைண்டரிடம், கூரை இன்னும் பல தலைமுறைக்கு விழாது என்று சத்தியம் செய்தார். பைண்டர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தலையிலிருந்த கட்டை இறக்கி அவர் கையில் கொடுத்துவிட்டு அதே பழைய மௌனத்தோடு உள்ளே போய்ப் பாயைப் போட்டுப் படுத்துவிட்டார். இனி அத்தனையும் உள்ளே போக வேண்டும். லிஃப்ட்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை.

மனைவி நடுப்படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். அவர் அவளைத் தாண்டி ஏறுவதும், சுமையோடு இறங்குவதுமாக இருந்தார். ஐந்தாறு நடை போயின.

"குழாயை எப்பப் பாத்தே?" என்றார் கடைசியில், மூச்சு வாங்க.

"நான் எங்க பாத்தேன்? நான் என்னைக்குமே எந்தக் குழாயையும் பாத்ததில்ல."

புஸ்தகக் கட்டு அவர் கையிலிருந்து நழுவப் பார்த்தது. "அப்ப... கேஸ்?"

"ம்ஹூம்."

"ஜன்னல்?"

"நீங்க மூணு தடவை பாத்ததை நாலாவதா நான் எதுக்குங்க பாக்கணும்? நான் உங்க மூஞ்சியைப் பாப்பேன். அது தொங்கிப் போய்க் கவலையா இருந்தா வீடு பத்திரமா இருக்குன்னு அர்த்தம். 'பாத்துட்டேன்'னு சொல்லிட்டு நிம்மதியாக் கிளம்புவேன். இன்னைக்குக் காலையில குழாயைக் கேட்டுட்டுச் சிரிச்சீங்க பாருங்க, காது வரைக்கும்! எனக்குக் குலையே நடுங்கிடுச்சு. குடையைச் சாக்கு வெச்சு நேரா குளியலறைக்குத்தான் ஓடினேன்."

லிஃப்ட்காரர் இறங்காமல் நின்றார். மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. "இரு, இரு. அப்ப வாசல்ல நீ பாக்காமத்தான் சொன்னே. பந்தயத்துல நான் ஜெயிச்சேன்!"

"ஆமா, ஜெயிச்சீங்க" என்றாள் அவள் உடனே. "எப்படி ஜெயிச்சீங்கன்னு பைண்டர் அண்ணாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா? எங்க அண்ணனுக்கும் ஒரு போன் போட்டுடலாம். அந்தப் பேச்சுக்கு அர்த்தம் தெரிஞ்சா சந்தோஷப்படுவார்."

அவர் அடுத்த கட்டைத் தூக்கத் திரும்பினார். "வேண்டாம். நான் தோத்தேன்."

"சரி."

இன்னும் இரண்டு நடை போனது. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. அவள் எழுந்து வந்து ஒரு சின்னக் கட்டைத் தூக்கிக்கொண்டு அவர் கூடவே இறங்கினாள்.

"உங்க பெரியப்பா கல்யாண மேடையில பேசினாரே, ஞாபகம் இருக்கா?"

"பாதி இருக்கு. மைக் கத்திடுச்சு."

"எனக்குக் கேட்டுது. 'ரெண்டாவது தடவையும் இழுத்துப் பாத்தான்னா, பூட்டு சரியாத்தான் இருக்கு, பூட்டினவனுக்குத்தான் ஆள் துணை வேணும்'னார். சொல்லிட்டு என் பக்கம் கையைக் காட்டினார். அதுக்குத்தான் எல்லாரும் சிரிச்சாங்க. நான் அன்னைக்கே புரிஞ்சுக்கிட்டேன், என் வேலை என்னன்னு."

லிஃப்ட்காரர் கையிலிருந்த கட்டைப் பைண்டர் வீட்டு மேஜை மேல் வைத்தார். தரையில் வைக்கவில்லை.

"அப்ப நாளையில இருந்து ஒண்ணுமே கேக்கக் கூடாதா?" என்றார் மெல்ல.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அது தொங்கிப் போயிருந்தது. வீடு பத்திரமாக இருந்தது.

"பழக்கத்தை ஒரேயடியா நிறுத்தினா உடம்புக்கு ஆகாது. ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கோங்க. ஒண்ணுதான். எதுன்னு காலையில யோசிச்சுச் சொல்லுங்க."

காலையில் வீட்டைச் சுற்றி வரும்போதெல்லாம் அவர் யோசித்தார். அடுப்பைப் பார்த்தால் அதைத்தான் கேட்க வேண்டும் என்று பட்டது. இஸ்திரிப் பெட்டியைப் பார்த்ததும் அது 'என்னை மறந்துவிடாதே' என்று கெஞ்சிற்று. ஒன்றைக் கேட்டால் மற்ற மூன்றும் நாள் முழுக்கப் பின்னாலேயே வரும். வாசலில் அவள் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

லிஃப்ட்காரர் கதவைப் பூட்டினார். ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். இனிமேல் யானையை மட்டும் கேட்பது என்று முடிவு செய்தார்.